கதவைத் தட்டிய கரங்கள்

கருங்காலி! சொல்லும்போதே நாக்குக் கசக்கிறது. வேலை நிறுத்தம் நடந்த ஊர்களில் எல்லாம் சுவரிலே கரித்துண்டால் எழுதப்பட்ட சொல் இது. திருமண வீட்டில் பந்தியிலிருந்து ஒருவனை எழுப்பிவிட்ட சொல். தேநீர்க் கடையில் ஒருவன் உட்கார்ந்த பலகையைவிட்டு மற்றவர்களை விலகச் செய்த சொல்.

காட்டிலே கருங்காலி என்றொரு மரம் உண்டு. வைரம் பாய்ந்த மரம். உலக்கைக்கும் ஆகும், கோடரிக் காம்புக்கும் ஆகும். தன் இனத்தை வெட்டும் கோடரிக்குத் தானே காம்பாகிறது என்பதால், இனத்தைக் காட்டிக் கொடுப்பவனுக்கு அப்பெயர் பொருந்திற்று. ஆங்கிலேயன், வேலை நிறுத்தத்தின்போது வேலைக்குப் போகிறவனைக் 'கறுத்த கால்' என்று ஏசினான். அச்சொல்லுக்கு நேராகத் தமிழ்ப் பாட்டாளி காட்டு மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினான். பொருளும் பொருந்திற்று, ஓசையும் பொருந்திற்று. (இன்றோ அதே மரத்தைக் கடைந்து மணியாக்கி, மாலையாகக் கோத்து, கழுத்திலே போட்டால் செல்வம் கொழிக்கும் என்று கடைத்தெருவில் கூவி விற்கிறார்கள், வாங்குவோர் வரிசையில் பட்டதாரிகளும் நிற்கிறார்கள். மரத்துக்கு வந்த வாழ்வு அப்படி!)

மரத்தை விடுவோம், மனிதனைப் பார்ப்போம். சங்கத்தில் சேராத ஒருவன் இருக்கிறான். சங்கம் வேலை நிறுத்தம் அறிவிக்கிறது. முதல் நாள் இரவு அவன் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. "நாளைக்கு வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள், அண்ணே" என்கிறது ஒரு குரல். குரலில் அன்பும் இருக்கலாம். அன்பு போர்த்த மிரட்டலும் இருக்கலாம். கதவைத் திறந்தவன் என்ன செய்வது? போனால் கருங்காலி. போகாவிட்டால் மேலதிகாரியின் பேரேட்டில் குற்றவாளி. வீர வரலாறுகள் வேலை நிறுத்தம் செய்தவனைப் பாடும். அரசாங்க அறிக்கைகள் வேலைக்கு வந்தவனைப் பாராட்டும். கதவுக்குப் பின்னே நின்று திகைத்தவனை எவரும் எழுதுவதில்லை. அவன் கதையைத்தான் இங்கே கொஞ்சம் புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

தொழிற்சங்கம் என்ற சொல்லே தமிழ் மண்ணில் வேர் பிடித்தது சென்னைப் பெரம்பூரிலே. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. பக்கிங்காம் ஆலை, கர்நாடக ஆலை எனும் பின்னி நிறுவனத்தாரின் இரு ஆலைகளே அதன் களம். பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதனை வளர்த்தனர். சங்கம் பிறந்த இரண்டே ஆண்டுகளில் ஆலை முதலாளிகள் உயர் நீதிமன்றம் ஏறினர். தொழிலாளர் வேலைக்குத் திரும்ப வேண்டாம் என்று சங்கத்தார் தூண்டுகிறார்களாம். அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டும் குற்றமாம்! 1920இல் நீதிமன்றம் அவ்வாறே தடையாணை பிறப்பித்தது. எண்ணிப் பாருங்கள்: அடிக்கவில்லை, உதைக்கவில்லை, "வேலைக்குப் போகாதே" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னதே சட்டத்தின் கண்ணுக்குக் குற்றமாகப் பட்டது. இந்த அநீதி கண்டு கொதித்த என்.எம்.ஜோஷி 1921இல் மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பயனாகவே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தார் தொழில் தகராறில் தோழனை வேலைக்குப் போகாதே என்று கேட்டுக்கொண்டால், ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார்கள் என்று அவர்கள்மீது வழக்காட முடியாது என்ற பாதுகாப்பு அப்போதுதான் கிடைத்தது. வாயால் கேட்கும் உரிமைக்கே இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

ஏனென்றால் அதே ஆலைகளில், 1921ஆம் ஆண்டிலே, வாயால் கேட்பதோடு நிற்காத ஒரு கொடுமையும் நடந்தது.

அவ்வாண்டு மே 20ஆம் நாள் கர்நாடக ஆலையில் தகராறு மூண்டது. ஜூன் 20ஆம் நாள் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளரும் வெளியேறினர். ஆனால் ஆதித்திராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போயினர். ஏன் போயினர்? கருங்காலிகள் என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடும். அப்படி முடித்துக்கொண்டவர்களும் உண்டு. காரணங்கள் பலவாகும். முந்தைய ஆண்டின் நீண்ட கதவடைப்பிலே பட்ட பட்டினி இன்னும் வயிற்றிலே இருந்தது. மற்றத் தொழிலாளிக்குக் கடன் கொடுக்கத் தெருவில் ஒரு கடை இருந்தது, ஊரிலே ஒரு துண்டு நிலம் இருந்தது, சாதியிலே ஓர் உறவு இருந்தது. சேரித் தொழிலாளிக்கு ஆலைக் கூலி ஒன்றே இருந்தது. ஆலை வாயிலில் "தோழனே" என்றவன், வீதிக்கு வந்ததும் எட்டி நில் என்றான். எம்.சி.இராசா போன்ற தலைவர்கள், இந்தப் போராட்டத்தில் நம்மவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டனர். ஆலை முதலாளிகள் இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டனர் என்பதும் உண்மை. பிளவை முதலாளி உண்டாக்கவில்லை. அது முன்பே இருந்தது.

பிறகு நடந்தது வெட்கக்கேடு. ஜூன் மாதக் கடைசியில் புளியந்தோப்புச் சேரியிலே தீ வைக்கப்பட்டது. குடிசைகள் எரிந்தன. வேலைக்குப் போகிறவனை வீட்டிலே இருக்கச் சொன்னவர்கள், அவனுக்கு வீடே இல்லாமல் செய்தார்கள். அடிதடி, பழிக்குப் பழி, மீண்டும் அடிதடி. ஆகஸ்டு 29ஆம் நாள் போலீசார் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். வெள்ளை முதலாளியின் ஆலையிலே தொடங்கிய சண்டை, கறுத்த தொழிலாளியின் குடிசையிலே வந்து முடிந்தது. அக்டோபரில் வேலை நிறுத்தம் தோற்றது; சங்கம் சாய்ந்தது; மீண்டும் நிமிர ஆண்டுகள் பிடித்தன.

நம் இயக்கத்தின் முன்னோடியான நீதிக்கட்சி அப்போது அமைச்சரவையில் இருந்தது. சட்டம் ஒழுங்கு, ஆளுநரின் நிருவாக சபையார் கையிலே இருந்த துறை என்பது மெய். ஆனால் கட்சியின் பெருந்தலைவர் தியாகராயரே, அரசாங்கத்தின் தொழிலாளர் துறை ஆதித்திராவிடருக்குச் செல்லம் கொடுத்ததே தொல்லைக்குக் காரணம் என்று குறை கூறினார். அது பிழையான பேச்சு. தியாகராயர் பெருமகன்; சென்னை நகருக்கு அவர் செய்த தொண்டு பெரிது; ஆயினும் அன்று அவர் சொன்னது பிழை. எரிந்த வீட்டுக்காரனைப் பார்த்து உனக்குச் செல்லம் அதிகம் என்பது நீதியாகுமா? 1923இல் எம்.சி.இராசா கட்சியைவிட்டு விலகினார். பார்ப்பனரல்லாதார் என்ற குடையின் கீழ் எல்லாரும் நனையாமல் நிற்கலாம் என்றிருந்த நம்பிக்கையில் விழுந்த முதல் ஓட்டை அதுவே என்பேன். திரு.வி.க. அந்நாட்களில் சேரிக்கும் சாலைக்கும் இடையே அமைதி தேடி அலைந்தவர். அவரைப் போன்றவர் பத்துப் பேர் தலைவர்களாக இருந்திருந்தால் புளியந்தோப்பு எரிந்திருக்காது என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆளவந்தார் சும்மா இருப்பார்களா? கதவைத் தட்டும் கரத்தைப் பிடிக்கச் சட்டம் தேடினார்கள். 1932ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒருவன் வேலைக்குப் போவதைத் தடுக்கும் நோக்கத்தோடு அவன் வீட்டருகிலோ பணியிடத்தருகிலோ சுற்றித் திரிவதையே குற்றமாக்கிற்று. காங்கிரசு மறியலை ஒடுக்க வெள்ளையர் செய்த சட்டம் அது. அதே பிரிவை எடுத்து 1938இல் இந்தி எதிர்ப்பு மறியல் செய்த தமிழர்மீது ஏவினார் காங்கிரசு முதல்வர் இராசகோபாலாச்சாரியார்! அடித்தவன் கைப்பிரம்பு அடிபட்டவன் கைக்கு மாறியதும் அடி மட்டும் மாறவில்லை.

நாடு விடுதலை பெற்றபின் அரசாங்கமே பெரிய முதலாளியாயிற்று. இரயில், அஞ்சல், ஆலை, அலுவலகம் எல்லாம் அரசுடைமை. 1960ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு ஊழியர் பஞ்சப்படி கேட்டு ஐந்து நாள் வேலை நிறுத்தம் செய்தபோது, நேரு அரசாங்கம் தொடங்குமுன்பே அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. சமதர்மம் பேசிய கட்சியின் சட்டம் என்பதால் சிறைக் கம்பி மெலிதாக இருக்கவில்லை.

பெரிய களம் 1974இல் கண்டோம். எங்கள் கல்லாவிப் பக்கம் சாமல்பட்டி வழியாகச் செல்லும் ஜோலார்பேட்டை–சேலம் இருப்புப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். நாள் முழுதும் வண்டி ஓடும் தடம். அவ்வாண்டு மே 8ஆம் நாள் நாடெங்கும் இரயில் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கி 20 நாள் நீடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் பேர் பணியாற்றிய துறை. போனசு வேண்டும், எட்டு மணி நேர வேலை வேண்டும், மற்றப் பொதுத்துறையினருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்பன கோரிக்கைகள். தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டசு வேலை நிறுத்தத்துக்கு ஆறு நாள் முன்பே கைது செய்யப்பட்டார்.

இந்த வேலை நிறுத்தத்தில் கதவைத் தட்டிய கரங்கள் இரண்டு வகை. சங்கத் தோழர்கள் வந்து வீட்டிலே இரு என்றனர். அகில இந்திய இரயில்வேத் தொழிலாளர் சம்மேளனம் களத்தில் நிற்க, காங்கிரசுச் சார்பான தேசிய சம்மேளனம் ஒதுங்கி நின்றது. எனவே ஒரே குடியிருப்பிலே, ஒரே சுவரின் இருபுறமும், எதிரெதிர் முகாம்கள். தோழர்கள் போனபின் போலீசார் வந்தனர். வீட்டிலே இருந்தவனை இழுத்துக்கொண்டு போய் வேலையில் நிறுத்தினர். குடும்பத்தாரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றினர். சட்டி பானை தெருவுக்கு வந்தது. ஆண்கள் வீட்டிலே இருக்கவும் முடியாமல், வேலைக்குப் போகவும் மனமில்லாமல் தோப்பிலும் காட்டிலும் மறைந்து திரிந்தனர். 'வீட்டிலே இரு' என்பது சங்கத்தின் கட்டளை, வீடோ அரசாங்கத்துடையது! இரயில்வே முதலாளியே வீட்டுக்காரனும் ஆனால் தொழிலாளிக்கு எது கோட்டை, எது சிறை?

மே 27ஆம் நாள் வேலை நிறுத்தம் கைவிடப்பட்டது. பிறகு வந்தது பரிசளிப்பு விழா. வேலைக்கு வந்தோர் 'விசுவாசத் தொழிலாளர்' எனப்பட்டனர்; அவர்களுக்கு முன்கூட்டியே சம்பள உயர்வு, அவர்களின் பிள்ளைகளுக்கு வேலை என்று சலுகைகள் வழங்கப்பட்டன. வேலைக்கு வராதோர் பலர் பணி நீக்கம் செய்யப்பட்டு, 1977இல் ஆட்சி மாறியபின்பே மீண்டும் சேர்க்கப்பட்டனர். அப்பன் அன்று எந்தப் பக்கம் நின்றான் என்பது மகனுடைய பிழைப்பையும் தீர்மானித்தது. ஒரு குடியிருப்பில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த இரு பிள்ளைகளில் ஒருவனுக்கு வேலை, மற்றவனுக்கு வேலை தேடும் வேலை. இந்தப் பகை எத்தனை ஆண்டு இருந்திருக்கும் என்று கணக்கிட எந்த ஆணையமும் அமர்த்தப்படவில்லை.

எல்லைக்கு அப்பால் ஒரு கதை உண்டு. எங்கள் மாவட்டத்தாருக்கு அது தொலைவான கதையன்று. மானாவாரி நிலத்தை நம்பிப் பயனில்லை என்று கண்டவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போவது இங்கே பல தலைமுறை வழக்கம். பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளான எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். ஆகியவற்றில் கன்னடரோடு தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் தோளுரசி நின்றனர். 1980ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அவ்வாலைகளின் தொழிலாளர் கூட்டு நடவடிக்கை முன்னணி அமைத்து வேலை நிறுத்தம் தொடங்கினர். பாரத மிகுமின் நிறுவனத் தொழிலாளருக்குக் கிடைக்கும் ஊதியம் எங்களுக்கும் வேண்டும். அவர்களும் அரசாங்க ஆலைத் தொழிலாளர், நாங்களும் அரசாங்க ஆலைத் தொழிலாளர், ஏன் இரண்டு இலை? இதுவே கேள்வி.

77 நாள்! பொங்கல் வந்து போயிற்று. இரண்டு மாதச் சம்பள நாள் வந்து போயிற்று. நீண்ட வேலை நிறுத்தத்தில் ஆலை வாயிலில் ஆளை மறிப்பது பெரிய காரியமன்று. அடுப்பிலே பூனை உறங்குவதைத் தடுப்பதே பெரிய காரியம். பஞ்சத்தில் பாட்டாளிக்குள்ள பழைய வழி ஊருக்குப் போய்விடுவது. ஊரிலே காணியுள்ளவன் போய்விடலாம். காணியில்லாதவன் எங்கே போவான்? பெரம்பூரில் 1921இல் கண்ட அதே பிளவுதான்: பட்டினி எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் எவன் வீட்டுக்கு வருகிறதோ அவனே முதலில் ஆலை வாயிலைப் பார்க்கிறான். முதலில் பார்த்தவனுக்கே கருங்காலிப் பட்டம். 1981 மார்ச்சில், கேட்ட சமநிலை கிட்டாமலேயே அந்த வேலை நிறுத்தம் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது.

சீமையிலும் இதே காட்சி. 1984 மார்ச்சு முதல் ஓராண்டு, அரசுடைமையான நிலக்கரிச் சுரங்கங்களின் தொழிலாளர் போராடினர். நாட்டிங்காம்சயர் சுரங்கத்தாரோ, நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமல் எங்களை வெளியே வரச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை என்று வேலைக்குப் போயினர். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக வாக்குச் சீட்டு வரவில்லை. மறியல் படை வந்தது. வேலைக்குப் போகும் ஒருவனை ஏற்றிச் சென்ற வாடகை வண்டியின்மீது பாலத்திலிருந்து கற்பாளம் தள்ளப்பட்டு வண்டியோட்டி மாண்டான். அம்மையார் தாட்சருக்கு ஆயிரம் போலீசார் செய்திருக்க முடியாத உதவியை அந்த ஒரு கல் செய்தது. 1985இல் சங்கம் இரண்டாக உடைந்தது.

சட்டப் புத்தகத்தை ஒரு நொடி புரட்டிவிடுவோம். தொழில் தகராறுச் சட்டத்தில் 1982இல் செய்த திருத்தம் 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேலை நிறுத்தத்தில் சேராத தொழிலாளி உள்ளே நுழைய முடியாதபடி மறிப்பதும், அவனை மிரட்டுவதும் சங்கத்தின் முறைகேடு என்று அதன் அட்டவணை சொல்லிற்று. அதே அட்டவணை, சட்டத்துக்கு மாறல்லாத வேலை நிறுத்தத்தின்போது புதிய ஆள் எடுப்பது முதலாளியின் முறைகேடு என்றும் சொல்லிற்று. இரண்டும் ஒரே தாளில். ஆனால் இந்தத் தாள் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. 1988இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. குழந்தைக்கு எழுத்தறிவிப்பவன் கைத்தொழிலும் செய்யவில்லை, எழுத்தர் வேலையும் செய்யவில்லையாம்! வருகைப் பதிவேடும் புள்ளிவிவரப் படிவமும் மாலைவரை நிரப்பும் ஆசிரியர் அத்தீர்ப்பைப் படித்தால் சிரிப்பார்.

இனி 2003. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வரலாற்றில் அந்த ஜூலை மாதத்துக்கு இணை இல்லை. அப்போது நான் பால்வாடிக் குழந்தை. ஆனால் ஆசிரியர் அறையில் இரண்டு மூத்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இன்றும் அந்தப் பேச்சு வராமல் போவதில்லை.

ஓய்வூதியப் பலன்களிலும் விடுப்பு ஒப்படைப்பிலும் பிற சலுகைகளிலும் அ.தி.மு.க. அரசு கைவைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாளுக்குப்பின் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியமே இல்லை என்றாயிற்று. ஊழியரும் ஆசிரியரும் ஜூலை 2ஆம் நாள் வேலை நிறுத்தம் தொடங்கினர். தொடங்குமுன்பே தலைவர்களைச் சிறை அழைத்துக்கொண்டது. 2002ஆம் ஆண்டு இயற்றிய டெஸ்மா எனும் இன்றியமையாப் பணிகள் சட்டம் போதவில்லை என்று ஜூலை 4ஆம் நாள் அவசரச் சட்டம் ஒன்று வந்தது. விசாரணை வேண்டாம், விளக்கம் வேண்டாம், வீட்டுக்குப் போ! ஏறத்தாழ 1,70,000 பேர் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். 2,200க்கும் மேற்பட்டோர் கைதாயினர்.

அந்த 1,70,000 பேரும் கொடி பிடித்தவர்களா? முழக்கமிட்டவர்களா? இங்கேதான் நம் கதவுக்குப் பின்னே நின்ற மனிதன் வருகிறான். மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதல் நாள் மாலை சங்கத்தார் வந்தார்களாம். "சார், எல்லாருக்காகவும்தான் போராடுகிறோம், வெற்றி வந்தால் உங்கள் சட்டைப் பைக்கும் வரும், நாளைக்குப் பள்ளிக்கூடம் பக்கம் வராதீர்கள்" என்றார்களாம். சொன்னவர்களில் ஒருவர் அவருக்குத் தங்கை கணவர். அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. சந்தா கட்டக்கூடாது என்ற கொள்கையும் இல்லை. ஒதுங்கி இருந்து பழகிவிட்டவர். உறவுக்கு அஞ்சி வீட்டில் இருந்தார். நான்காம் நாள் பணி நீக்கப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. சங்கத்தார் பெயரும் இருந்தது. ஒரே தாள், ஒரே மை.

வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. அதிலே கையொப்பம் இருக்கும், அல்லது இராது. கொள்கைக்காக இராதவன், அச்சத்தால் இராதவன், தாய்க்குக் காய்ச்சல் என்று இராதவன் என்று மூன்று வண்ண மை அதற்குக் கிடையாது. சங்கம் அவனை வீட்டில் இருக்கச் செய்தபோது, 'நாம் எத்தனை பேர்' என்ற கணக்குக்கு அவன் ஒரு தலை. அரசாங்கம் அவனை நீக்கியபோது, 'நாம் எத்தனை பேரை' என்ற கணக்குக்கும் அவன் ஒரு தலை. சிறையில் கிடந்த தலைவனுக்கு மாலை உண்டு, மேடை உண்டு, நாளைய வரலாற்றில் ஒரு வரியும் உண்டு. மனமொப்பாமல் வீட்டிலிருந்து வேலை இழந்தவனுக்கு என்ன உண்டு?

வழக்கு உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றம் போயிற்று. ஜூலை 24ஆம் நாள் இடைக்கால வழி ஒன்று பிறந்தது. கைதானோரும் வழக்குப் பதிவானோரும் நீங்கலாக மற்றவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்; ஆனால் ஒவ்வொருவரும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும், நன்னடத்தை விதிகளின் 22ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகஸ்டு 6ஆம் நாள் வந்த தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலை நிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறநெறி உரிமையும் இல்லை என்றது. முதல் இரண்டையும் நீதிபதிகள் சொல்லலாம்; சட்டம் அவர்கள் கையில் இருக்கிறது. அறநெறியை அளக்கும் கோல் எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. மன்னிப்புத் தாளில் எல்லாரும் கையொப்பமிட்டனர். அந்த மூத்த ஆசிரியரும் இட்டார். செய்யாத வேலை நிறுத்தத்துக்குக் கேட்ட மன்னிப்பு அது! அவருடைய தங்கை கணவர் கைதானோர் பட்டியலில் இருந்ததால் அவருக்கு அந்தத் தாளும் கிடைக்கவில்லை. இருவரும் ஓராண்டு பேசிக்கொள்ளவில்லை என்று சொன்னார். எவர்மீது எவருக்குக் கோபம் என்று கேட்டேன். "தெரியவில்லை, தம்பி" என்றார்.

2004 மே மாதத்தில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் ஆளுங்கட்சிக் கூட்டணி தோற்றது. சில நாளிலேயே ஊழியர்மீதிருந்த நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. நீதிமன்றத்தில் கிட்டாதது வாக்குச் சாவடியில் கிட்டிற்று.

இவ்வளவையும் எழுதுவது, சங்கம் வேண்டாம் என்பதற்காக அன்று. சங்கம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஓசூர்ப் பட்டறைகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போய்வரும் எங்கள் ஊர் இளைஞர்களைக் கேட்டால் சொல்வார்கள். அரசாங்கம் நீக்கிய 1,70,000 பேரோடு ஒப்பிட்டால் சங்கத்தான் தட்டிய கதவு சிறிய ஓசைதான். நான் கேட்பது வேறு. கதவைத் தட்டுமுன் ஆண்டு முழுதும் அந்த வீட்டுப் படியை எத்தனை முறை மிதித்தோம்? கருணை அடிப்படையில் வேலை பெற்ற விதவைப் பெண், தகுதிகாண் பருவத்தில் உள்ள இளைஞன், தொகுப்பூதியத்தில் காலந்தள்ளுகிறவன் என்ற இவர்கள் சங்கத்துக்கு வெளியே நிற்பது கொழுப்பினால் அன்று. உள்ளே வந்தால் முதலில் வெட்டுப்படும் கழுத்து தம்முடையது என்ற அச்சத்தால். அவர்களுக்கென ஒரு கோரிக்கை நம் மனுவில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? புளியந்தோப்பில் கேட்க மறந்த கேள்வி இது. கேட்காமலேயே தீப்பந்தம் தூக்கினார்கள்.

2019ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் ஆசிரியரும் அரசு ஊழியரும் பழைய ஓய்வூதியம் கேட்டு மீண்டும் வேலை நிறுத்தம் தொடங்கினர். அரசாங்கம் இம்முறை வேறு வழி கண்டது. தற்காலிக ஆசிரியர் தேவை, மாதம் 10,000 ரூபாய்த் தொகுப்பூதியம் என்று அறிவித்தது. பி.எட். படித்துவிட்டு வேலையில்லாதிருந்த இளைஞரும் இளம்பெண்களும் சான்றிதழ்க் கட்டோடு கல்வி அலுவலகங்களுக்குப் போயினர். அவர்களையும் கருங்காலி என்றார்கள் சிலர். அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. எந்தப் பள்ளியிலும் இல்லை. காட்டிக் கொடுப்பதற்கு அவர்களுக்கு இன்னும் ஒரு வேலையே கிடைத்திருக்கவில்லை. ஜனவரி 30ஆம் நாள் வேலை நிறுத்தம் திரும்பப் பெறப்பட்டது. விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள்.